பழைய புல்லட்டை வீட்டிலேயே மீட்டெடுப்பது: கொட்டகையிலிருந்து சாலை வரை முழுமையான வழிகாட்டி

அப்பாவின் புல்லட் ஒன்பது வருடம் மாட்டுக்கொட்டகையில் நின்றது. 1984 மாடல், 350 சிசி, வார்ப்பிரும்பு சிலிண்டர், 6 வோல்ட். கும்பகோணம் பக்கத்தில் எங்கள் ஊரில் முதல் புல்லட் அதுதான். டேங்கின் இரண்டு பக்கமும் அவர் முழங்கால் உரசி உரசி, கறுப்புப் பெயிண்ட் தேய்ந்து உள்ளங்கை அகலத்துக்குத் தகரம் தெரியும். வண்டியை மீட்டு எடுத்து நான்கு வருடமாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அதன் பிறகு நண்பர்களின் வண்டிகள் இரண்டிலும் கை வைத்தாயிற்று. அந்த அனுபவத்தைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வண்டி முதலில் ஓட வேண்டும், பிறகு ஒழுங்காக நிற்க வேண்டும், அதற்கப்புறம்தான் அழகு. மாற்றம் செய்வதாக இருந்தால் திரும்பவும் பழையபடி ஆக்கக்கூடிய மாற்றமாக மட்டும் செய்யுங்கள். சேஸிஸில் வெல்டிங் கம்பியோ கட்டிங் வீலோ படவே கூடாது.

ஸ்பேனருக்கு முன் ஆர்.சி. புக்

சேஸிஸ் எண், எஞ்சின் எண் இரண்டையும் துரு போகத் துடைத்து, மேலே வெள்ளைத்தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுங்கள். சேஸிஸ் எண் ஹேண்டில்பார் கழுத்துக்குழாயில் இருக்கும். எஞ்சின் எண் கிராங்க் கேஸில் இருக்கும். இரண்டும் ஆர்.சி.யில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். பொருந்தாத வண்டி எவ்வளவு மலிவாக வந்தாலும் வாங்காதீர்கள்.

தனியார் வண்டியின் பதிவு 15 வருடத்துக்குத்தான். அதன் பிறகு தகுதிச் சோதனை முடித்து, படிவம் 25 கொடுத்து, ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். விட்டுப்போயிருந்தால் தாமதக் கட்டணமும் சேரும். அந்தக் கணக்கை ஆர்.டி.ஓ. ஆபீஸில் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வண்டி வேறொருவர் பெயரில் இருந்தால் படிவம் 29, 30. பழைய ஃபைனான்ஸ் அடமானம் ஆர்.சி.யில் அப்படியே நின்றால் அதை நீக்கப் படிவம் 35. இறந்தவர் பெயரில் இருந்தால் வாரிசுச் சான்றிதழும் வேண்டியிருக்கும். எஞ்சினை முழுவதும் பிரித்துப் போட்ட பிறகு காகிதச் சிக்கலைக் கண்டுபிடித்துக் கலங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கழுவாதீர்கள்

வண்டியை வெளியே தள்ளியதும் எல்லோருக்கும் தண்ணீர் அடிக்கத்தான் கை வரும். பொறுங்கள். எந்த இடத்தில் ஆயில் கசிந்து தூசியோடு கட்டியாகியிருக்கிறது என்பதுதான் எந்த பேக்கிங், எந்த சீல் போயிருக்கிறது என்பதற்கான வரைபடம். அதைப் படம் எடுத்த பிறகு கழுவலாம். கேபிள் போகும் வழி, வயர் நிறம், வாஷர் அடுக்கு எல்லாவற்றையும் கழற்றும் முன் ஒரு படம், கழற்றிய பின் ஒரு படம். நட்டு போல்டுகளைப் பழைய ஊறுகாய் டப்பாக்களில் போட்டு, எந்தப் பாகத்தினுடையது என்று மேலே எழுதி ஒட்டுங்கள். மூன்று மாதம் கழித்து நினைவு உதவாது.

கருவி

பழைய புல்லட் இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரில் வரைந்த வண்டி. 1955-இல் சென்னையில் தயாரிப்பு தொடங்கியபோது, வரைபடத்தோடு அந்த ஊர் மரையும் வந்துவிட்டது. ஆகவே பழைய வண்டிகளில் பல நட்டுகளுக்கு நம் மில்லிமீட்டர் ஸ்பேனர் சரியாக உட்காராது. கிட்டத்தட்ட உட்காரும். அந்தக் ‘கிட்டத்தட்ட’தான் நட்டின் முனைகளை உருட்டிவிடும். விட்வொர்த் என்ற அந்தப் பழைய இங்கிலாந்து அளவில் ரிங் ஸ்பேனர் ஒரு செட் வாங்கிவிடுங்கள். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு கடைகளில் விசாரித்தால் கிடைக்கும். பழைய ஒரிஜினல் பாகங்களுக்குப் புதுப்பேட்டையில் ஒரு முழு நாள் சுற்ற வேண்டும். புதிதாக விற்கும் மலிவு பாகத்தைவிட, அங்கே கிடைக்கும் தேயாத பழைய பாகம் பல நேரம் மேல்.

இது தவிர ஃபீலர் கேஜ், மல்டிமீட்டர், வெர்னியர், ரப்பர் சுத்தியல், துருப்பிடித்த நட்டுக்கு ஊடுருவும் எண்ணெய். ஒருநாள் முன்னதாக எண்ணெய் விட்டு வைத்தால் பாதி நட்டுகள் மறுநாள் தானாக வழிக்கு வரும்.

பிடித்துக்கொண்ட எஞ்சின்

கிக்கர் இறங்கவில்லை என்றால் ஏறி மிதிக்காதீர்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, டீசலும் ஆயிலும் சரிபாதி கலந்து, ஒரு டம்ளர் அளவு ஓட்டை வழியாக ஊற்றி விடுங்கள். பழைய துணியால் ஓட்டையை மூடி, ஒரு வாரம் மறந்துவிடுங்கள். பிறகு டாப் கியரில் போட்டு, சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சக்கரத்தை முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டிப் பாருங்கள். எங்கள் வண்டி ஐந்தாம் நாள் அசைந்தது. ஒரு நூல் அளவுக்குத்தான். ஆட்டி, எண்ணெய் விட்டு, மறுபடி ஆட்டி, ஏழாம் நாள் முழுச் சுற்று வந்தது.

கிக்கர் இறங்க ஆரம்பித்ததும் ஒரு சோதனை. பிளக்கைப் போட்டு இறுக்குங்கள். சிலிண்டர் அழுத்தத்தை வெளியே விடும் டிகம்ப்ரஷர் லீவரைத் தொடாமல், கம்ப்ரஷன் வரும் இடத்தில் கிக்கர் மேல் உடம்பு எடையை வைத்து நில்லுங்கள். சில விநாடி தாங்கி மெதுவாக இறங்கினால் ரிங்கும் வால்வும் ஓரளவு உயிரோடு இருக்கின்றன. தங்காமல் சரேலென்று இறங்கினால் ஹெட்டைக் கழற்றியாக வேண்டும். கழற்றும் முன் டிகம்ப்ரஷர் வால்வு அழுக்கால் திறந்தபடி நிற்கிறதா என்றும் பாருங்கள். இதைப் பார்க்காமலே சிலிண்டரைக் குடைந்து அகலமாக்கும் ‘போர்’ வேலை செய்தவர்கள் உண்டு.

ஆயில்: இந்த எஞ்சினின் உயிர் இங்கேதான்

வார்ப்பிரும்பு புல்லட்டில் ஆயில் டேங்க் தனியாக வெளியே இல்லை. கிராங்க் கேஸின் பின்பகுதியிலேயே அடங்கியிருக்கிறது. ஒரு பம்பு ஆயிலை மேலே அனுப்பும், இன்னொன்று அடியில் விழுவதைத் திரும்ப இழுக்கும். வருடக்கணக்கில் நின்ற வண்டியில் ஆயில் மெல்லக் கசிந்து கிராங்க் இருக்கும் அறைக்குள் இறங்கிவிடும். அப்படியே ஸ்டார்ட் செய்தால் தெருவையே மறைக்கும் அளவுக்குப் புகை வரும். எஞ்சின் போய்விட்டது என்று பயந்துவிடுவார்கள். அடியில் இருக்கும் வடிகால் போல்டுகள் எல்லாவற்றையும் திறந்து முழுக்க வடியுங்கள். ஒன்றை மட்டும் திறந்தால் மற்ற அறையில் பழைய சகதி அப்படியே இருக்கும்.

டைமிங் பக்கத்தில் (எஞ்சினின் வலப்பக்கம்) இருக்கும் கம்பளி ஃபில்டரை மாற்றுங்கள். கவரைத் திறந்தால், பேக்கிங்கில் உள்ள ஆயில் ஓட்டைகள் கவரின் ஓட்டைகளோடு சரியாகப் பொருந்துகின்றனவா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு மூடுங்கள். ஓட்டை அடைபட்டால் கனெக்டிங் ராடின் அடிப்பாகம் ஆயில் இல்லாமல் சில நிமிடங்களில் போய்விடும். பம்பைச் சுற்றும் வார்ம் நட்டு கிராங்க் முனையில் இருக்கும். அது இடப்பக்க மரை. வழக்கமாகக் கழற்றும் திசையில் அழுத்தினால் இறுகும். கடிகாரம் சுற்றும் பக்கமாகத் திருப்பினால்தான் கழலும். எத்தனையோ கிராங்குகள் இந்த ஒன்று தெரியாமல் பாழாகியிருக்கின்றன.

20டபிள்யூ50 ஆயில் ஊற்றியதும் பிளக் இல்லாமல் முப்பது, நாற்பது கிக் அடியுங்கள். பிறகு ஸ்டார்ட் செய்து, வால்வைத் திறக்கும் ராக்கருக்குப் போகும் ஆயில் பைப்பின் போல்டை ஒரு சுற்று தளர்த்திப் பாருங்கள். ஆயில் துளிர்க்க வேண்டும். துளிர்க்காவிட்டால் உடனே நிறுத்துங்கள். காரணம் தெரியாமல் மறுபடி ஸ்டார்ட் செய்யக் கூடாது.

ஹெட், போர்

விட்டம் 70 மி.மீ., வீச்சு 90 மி.மீ. நீண்ட வீச்சு, கனமான ஃப்ளைவீல். அந்தத் ‘தம் தம்’ என்ற நிதானம் இதிலிருந்துதான் வருகிறது. சிலிண்டர் சுவரில் நகம் மாட்டும் அளவுக்குக் கோடு இருந்தால் போர் போட்டு ஓவர்சைஸ் பிஸ்டன் மாட்ட வேண்டும்.

இதில் நான் பட்டது. சிலிண்டரை மட்டும் லேத்தில் கொடுத்து, ‘முதல் ஓவர்சைஸுக்குப் போட்டு வையுங்கள், பிஸ்டன் அப்புறம் வாங்கிக்கொள்கிறேன்’ என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர்கள் அட்டவணை அளவுக்குப் போட்டுக் கொடுத்தார்கள். நான் வாங்கிய பிஸ்டன் ஒரு முடி பெரிதாக இருந்திருக்கிறது. அறுபது கிலோமீட்டரில், பாபநாசம் தாண்டி, வண்டி இழுவை குறைந்து அப்படியே இறுகி நின்றது. கிளட்சைப் பிடித்ததால் விழாமல் தப்பித்தேன். பிஸ்டனை முதலில் வாங்குங்கள். அதையும் சிலிண்டரையும் சேர்த்துக் கொடுத்து, அந்தப் பிஸ்டனை அளந்து அதற்கேற்றபடி போர் போடச் சொல்லுங்கள். நீங்களும் அருகில் நின்று பாருங்கள்.

வால்வு உட்காரும் இடத்தைக் கிரைண்டிங் பேஸ்ட் போட்டுக் கையால் தேய்க்கலாம். ஓர் அமைதியான ஞாயிற்றுக்கிழமை வேலை அது. சாம்பல் நிறத்தில் அறுபடாத வளையம் தெரிந்தால் போதும். பேஸ்டின் ஒரு துகள்கூட மிஞ்சாமல் கழுவ வேண்டும்.

டாப்பெட் (வால்வைத் திறக்கும் புஷ் ராடுகளின் இடைவெளி) சரிசெய்வது எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது. கம்ப்ரஷனில் பிஸ்டன் உச்சியில் இருக்க வேண்டும். இடைவெளி பூஜ்யம். புஷ் ராடை இரு விரலால் பிடித்துச் சுழற்றினால் தடையின்றிச் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆட்டினால் ஆட்டம் இருக்கக் கூடாது. லாக் நட்டை இறுக்கிய பிறகு இன்னொரு முறை சுழற்றிப் பாருங்கள். இறுக்கும்போது அளவு மாறுவது சகஜம்.

தீப்பொறி

சி.பி. பாயிண்ட் (காயிலுக்குப் போகும் மின்சாரத்தை அறுத்துப் பொறி வரவைக்கும் காண்டாக்ட் பிரேக்கர்) இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. பாயிண்ட் முகத்தை மெல்லிய எமரியில் ஒருமுறை இழுத்து, வெள்ளைத்தாளால் துடையுங்கள். கறுத்துக் குழிவிழுந்து, திறக்கும்போதெல்லாம் நீலப்பொறி பறந்தால் கண்டென்சர் போயிருக்கிறது.

டைமிங், அதாவது பொறி விழும் நேரம், வைப்பது கேட்க மிரட்டும், செய்தால் எளிது. வேகத்துக்கேற்பப் பொறியை முன்தள்ளும் ஆட்டோ அட்வான்ஸ் முழுக்கப் பின்வாங்கிய நிலையில், பிஸ்டன் உச்சிக்கு 0.8 மி.மீ. முன்னால் இருக்கும்போது பாயிண்ட் திறக்கத் தொடங்க வேண்டும். பிளக் ஓட்டை சாய்வாக இருப்பதால் அதன் வழியே அளப்பது துல்லியமாக வராது. ஹெட் கழற்றியிருக்கும்போதே வெர்னியரால் அளந்து வைத்துவிடுவேன். பாயிண்டுகளுக்கு நடுவே சிகரெட் டப்பாவின் மெல்லிய தாளைச் செருகி லேசாக இழுத்துப் பிடித்துக்கொண்டு, டாப் கியரில் பின்சக்கரத்தை மிக மெதுவாகச் சுற்றுங்கள். தாள் கையோடு வரும் நொடிதான் பாயிண்ட் திறக்கும் நொடி.

டேங்க், கார்புரேட்டர்

டேங்க் துருவுக்குக் கடைகளில் விற்கும் கடுமையான ஆசிட் வேண்டாம், தகரத்தையே தின்றுவிடும். பெட்ரோல் டேப்பைக் கழற்றி ஓட்டையை அடைத்து, வெந்நீரில் எலுமிச்சை உப்பு கலந்து நிரப்பி, ஓர் இரவு வையுங்கள். ஒரு லிட்டருக்கு ஐம்பது கிராம் போதும். கட்டித் துருவாக இருந்தால் ஒரு பிடி நட்டுகளைப் போட்டுக் குலுக்குங்கள், எண்ணி உள்ளே போட்டு எண்ணி வெளியே எடுங்கள். பிறகு சோடா உப்புத் தண்ணீரால் அலசி, நன்றாக உலர்த்தி, உடனே கொஞ்சம் பெட்ரோலும் ஆயிலும் ஊற்றி எல்லாப் பக்கமும் சுழற்றுங்கள். ஒரு மணி நேரம் தாமதித்தால் மறுபடி செந்துரு பூத்துவிடும். டேங்கில் ஓட்டை இருந்தால் வீட்டில் வெல்டிங் வைக்காதீர்கள். பெட்ரோல் காலி என்றாலும் ஆவி இருக்கும், வெடிக்கும்.

இப்போது பெட்ரோல் பங்குகளில் கிடைப்பது எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் கால ரப்பர் இதற்காகச் செய்யப்பட்டதல்ல. பெட்ரோல் டியூப், டேப்பின் வாஷர், கார்புரேட்டரின் நீடில் வால்வு எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் வகையாக மாற்றுங்கள். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். ஆகவே ஒரு மாதத்துக்கு மேல் ஓட்டாவிட்டால் டேங்கை வடித்துவிடுங்கள்.

ஜெட் ஓட்டையைக் கம்பியால் குத்தக் கூடாது, அளவு பெரிதாகிவிடும். கார்புரேட்டர் கிளீனரும் காற்றும் போதும்.

கிக் அடிக்கும் முறை

சாவியைப் போட்டு, கிக்கரை மெதுவாக அமுக்கிக்கொண்டே அம்மீட்டரைப் பாருங்கள். முள் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். கம்ப்ரஷன் எதிர்த்து நிற்கும் இடத்தில் நடுவுக்குத் திரும்பும். அதுதான் பாயிண்ட் திறந்திருக்கும் நிலை. இப்போது டிகம்ப்ரஷரை இழுத்துக் கிக்கரை இன்னும் இரண்டு விரற்கடை இறக்குங்கள். டிகம்ப்ரஷரை விடுங்கள், கிக்கரை மேலே வர விடுங்கள். ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் ஒரே மிதி, அடிவரைக்கும். பாதியில் காலை விட்டால் திருப்பி அடிக்கும், கணுக்கால் போகும். செருப்போடு அடிக்காதீர்கள்.

எங்கள் வண்டி பதினொன்றாவது மிதியில் பிடித்தது. திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பா எழுந்து வரவில்லை. ‘டாப்பெட் ஒன்னு சத்தம் போடுது பாரு தம்பி’ என்றார். எக்ஸாஸ்ட் டாப்பெட்தான்.

நிற்க வேண்டும்

பிரேக் ஷூ மாற்றும்போது டிரம்மை லேத்தில் கொடுத்து உள்முகம் வட்டமாக இருக்கிறதா என்று பாருங்கள். பேரிங்கில் பழைய கிரீஸை முழுக்கத் துடைத்துவிட்டுப் புதிதாக அடையுங்கள். கிரீஸ் ஷூவில் பட்டால் அந்த ஷூ போனதுதான். ஸ்போக்குகளை ஸ்பேனரால் தட்டி வந்தால் எல்லாம் ஒரே மாதிரி ஒலிக்க வேண்டும், மந்தமாக ஒலிப்பது தளர்ந்தது. டயர் 3.25-19. பட்டை எவ்வளவு ஆழமாக இருந்தாலும் பக்கச்சுவரில் வெடிப்பு தெரிந்தால் மாற்றுங்கள். கேபிள்கள் எல்லாம் புதிது போடுங்கள், அதில் சிக்கனம் வேண்டாம்.

எதை மாற்றலாம்

6 வோல்ட் விளக்கு இன்றைய சாலைக்குப் போதாது. 12 வோல்ட்டுக்கு மாறுவதை எல்லோருக்கும் பரிந்துரைப்பேன். ஆனால் பல்பும் பேட்டரியும் மட்டும் மாற்றினால் நடக்காது. ஸ்டேட்டர் காயில், ரெக்டிஃபயர்-ரெகுலேட்டர், இக்னிஷன் காயில், ஹாரன் எல்லாம் சேர்ந்தே மாற வேண்டும். வயரிங் கட்டும்போது எர்த் எல்லாவற்றையும் பெயிண்ட் சுரண்டிய வெறும் இரும்பில் பிடியுங்கள். மர்மமான மின்கோளாறுகள் பெரும்பாலும் எர்த்தில்தான் முடியும்.

பாயிண்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் இக்னிஷன் போடலாம். பழைய பாயிண்ட் தட்டை எறியாமல் டூல் பாக்ஸில் வையுங்கள். இரவு நடுவழியில் அந்த எலக்ட்ரானிக் பெட்டி இறந்தால் அது வீடு சேர்க்கும். கம்பளி ஃபில்டருக்குப் பதில் காகித ஃபில்டர், நல்ல சீட், பெரிய கண்ணாடி எல்லாம் போடலாம்.

சேஸிஸை அறுத்துப் பின்பக்கத்தைக் குறுக்குவது, முன் ஃபோர்க்கை நீட்டுவது, வேறு எஞ்சின் மாட்டுவது வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. சட்டத்தை விடுங்கள், 1984-இன் குழாயை ஒருமுறை அறுத்தால் பிறகு யாராலும் திருப்பித் தர முடியாது. சைலன்சரின் உள்குழாயைப் பிடுங்குவதையும் விட்டுவிடுங்கள். புல்லட்டின் அழகு மெதுவாகப் போகும்போது எண்ணிவிடக்கூடிய அந்தத் துடிப்பு. அலற வைத்தால் அது கேட்காது. நிறத்தை மாற்றினால் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும்.

பெயிண்ட்

ஓடி, நின்று, ஐநூறு கிலோமீட்டர் போன பிறகுதான் பெயிண்ட். முன்பே அடித்தால் கார்புரேட்டர் கசிவில் ஒரு சொட்டுப் பெட்ரோல் பட்டுப் புதுப் பெயிண்ட் பொங்கும், ஸ்பேனர் வழுக்கிக் கீறும். டிங்கரிங் கடையில் நெளிவை நிரப்பும் பட்டியைக் கனமாகப் பூசவிடாதீர்கள். ஒற்றை சிலிண்டர் அதிர்வில் ஒரு வருடத்தில் பெயரும். நெளிவைத் தட்டி எடுத்து, மெல்லியதாகப் பட்டி பார்த்து, பிரைமர்.

டேங்கின் பொன்கோடுகளைத் திருவொற்றியூர் தொழிற்சாலையில் தூரிகை பிடித்துக் கையால் இழுத்திருக்கிறார்கள். உங்கள் டேங்கில் அந்தக் கோடு மங்கலாகவாவது இருந்தால் தயவுசெய்து அதன் மேல் ஸ்பிரே அடிக்காதீர்கள். எங்கள் டேங்கை நான் மெழுகு போட்டுத் துடைத்ததோடு சரி. முழங்கால் தேய்த்த இடத்தில் மட்டும் துரு ஏறாமல் இருக்க நிறமற்ற லாக்கர் ஒரு பூச்சு.

முதல் ஐநூறு கிலோமீட்டர்

புது போர் என்றால் நாற்பதைத் தாண்டாதீர்கள். ஒரே வேகத்தில் நீண்ட நேரம் ஓட்டாமல் ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். இருபது கிலோமீட்டருக்கு ஒருமுறை நிறுத்தி ஒரு டீ குடிக்கும் நேரம் ஆறவிடுங்கள். முதல் ஐம்பது கிலோமீட்டரிலேயே எல்லா நட்டு போல்டையும் ஒரு சுற்று பாருங்கள். அதிர்வில் முதலில் தளர்வது சைலன்சர் கிளாம்ப், மட்கார்டு தாங்கிகள், நம்பர் பிளேட். எஞ்சின் முழுக்க ஆறியதும் ஹெட் நட்டுகளைக் குறுக்குக்கோணமாக மறுபடி இறுக்கி, டாப்பெட்டையும் மறுபடி பாருங்கள். ஐநூறில் ஆயிலை வடித்து, ஒரு வெள்ளைத்துணியில் ஊற்றி வெயிலில் பிடியுங்கள். மினுமினுவென்ற மெல்லிய தூள் புது ரிங் படிவதால் வருவது. நகத்தில் தட்டுப்படும் செதில் கிடைத்தால் வண்டியை நிறுத்திவிட்டு எஞ்சினைத் திறங்கள்.